தொண்டும் துணையும்

எம்பெருமானுடைய பரம், வியூகம், விபவம், அந்தர்யாமித்துவம், அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளுள் அர்ச்சாவதாரமே எளிமையின் எல்லை என்பது பூர்வாசாரியர்களின் துணிபு. அவ்வெளிமையும் மேலும் ஒரு படி இறங்கி வருகின்ற காலம் ஒன்று உண்டு. அதுவே திருவிழாக் காலம். ஆண்டு முழுவதும் அன்பர்கள் படியேறிச் சென்று ஸேவிக்கும் பெருமான், உத்ஸவ நாட்களில் தானே படியிறங்கித் திருவீதிக்கு எழுந்தருளுகின்றான். நடை தளர்ந்த முதியோர், நோயுற்றோர், திண்ணையை விட்டு இறங்கும் வலியற்றோர் யாவரும் தத்தம் வாசலிலேயே அவனைக் கண்ணாரக் காண்கின்றனர். வர இயலாதவரைத் தேடித் தானே செல்லுதல் என்னும் பெருங்குணத்தை எம்பெருமான் ஆண்டுதோறும் ஊரறியச் செய்து காட்டுகின்றான்.

புறப்பாடு வீதியைக் கடந்து செல்கின்றது. தீவட்டியின் ஒளி மறைகின்றது. நாகஸ்வர ஓசை தேய்கின்றது. கற்பூர ஆரத்தி கண்ட வாசற்கதவு மீண்டும் சாத்தப்படுகின்றது. அக்கதவுக்குப் பின்னே, பிள்ளைகள் தொலைதேசங்களில் வாழ, வாழ்க்கைத் துணையையும் இழந்து, பேசுவதற்கு ஒருவருமின்றி இருக்கும் முதியவர் ஒருவர் அடுத்த ஆண்டுப் புறப்பாட்டை எண்ணி நாட்களைக் கழிக்கின்றார் எனின், அவ்வூரின் திருவிழா முற்றுப்பெற்றது எனக் கூறலாமா? பெருமான் அவர் வாசல்வரை எழுந்தருளினான். பெருமானுடைய அடியார்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் அவ்வாசற்படியை எத்தனை முறை மிதித்தனர்? திருவிழாவைக் காண வந்துள்ள அன்பர் ஒவ்வொருவரும் ஊர் திரும்பும் முன் சிந்திக்கத் தக்கது இது.

ஏகாந்தமும் தனிமையும்

தனித்திருத்தல் யாவும் துன்பமாகாது. விடியற்காலையில் நீராடித் திருமண் தரித்துத் திருமந்திரத்தை அநுஸந்தித்திருப்பவர், பக்கத்தில் ஒருவரும் இல்லாவிடினும் துணையோடு இருப்பவரே. அந்நிலைக்கு ஏகாந்தம் என்று பெயர். தனிமை என்பது வேறு. நூறு பேர் சூழ இருப்பினும், "நம்மை எதிர்பார்ப்பார் ஒருவரும் இல்லை, நாம் வாராவிடினும் ஒன்றும் குறையாது" என்னும் எண்ணம் நெஞ்சிற் புகுந்துவிட்டால் அதுவே தனிமையாகும். ஏகாந்தம் ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. தனிமையோ வேண்டாதிருக்கவும் வந்து சேர்வது.

இத்துன்பம் ஓர் ஊருக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று. பிரிட்டன் தேசம் 2018ஆம் ஆண்டிலும், ஜப்பான் தேசம் 2021ஆம் ஆண்டிலும், மக்களின் தனிமைத் துயரைக் களையும் பொறுப்பைத் தத்தம் அமைச்சர் ஒருவரிடம் ஒப்படைத்தன. உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்ட அறிக்கை, உலக மாந்தரில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், அது உடல்நலத்தையும் ஆயுளையும் குறைப்பதாகவும் தெரிவிக்கின்றது. முதியோரே அன்றி இளைஞரும் இதற்கு ஆளாகின்றனர் என்பதும் அவ்வறிக்கையில் கண்ட செய்தியே. பாரத நாட்டிலோ, 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படியே அறுபது வயது கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர். கூட்டுக் குடும்பங்கள் குறைந்துவரும் இந்நாளில், அவர்களுள் எத்தனை பேர் சாத்திய கதவுகளுக்குப் பின்னே இருக்கின்றனர் என்பதை அவரவர் தெருவைப் பார்த்தாலே ஒருவாறு உணரலாம்.

மக்கள் திரண்டாற் போதும், தனிமை தீரும் என்று கருதுதலும் பொருந்தாது. காஞ்சியில் அனந்தசரஸ் திருக்குளத்தினின்றும் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதரை 2019ஆம் ஆண்டில் ஒரு மண்டல காலத்தில் ஒரு கோடி அளவிலான மக்கள் ஸேவித்தனர். தோளோடு தோள் உராய நின்ற அக்கூட்டத்தில், பக்கத்தில் நின்றவரின் பெயரைக் கேட்டறிந்தவர் எத்தனை பேர் இருத்தல் கூடும்? ஒவ்வொருவரும் தாம் காண்பதற்கே வந்தனர், கண்டனர், சென்றனர். அது கூட்டம்.

பெருமானுக்கு முன்னே திவ்யப் பிரபந்தம் ஸேவித்துச் செல்வோரையும், பின்னே வேத பாராயணம் செய்து வருவோரையும் கோஷ்டி என்கின்றோம். அவர்கள் இரு சாராராக நின்று, ஒரு சாரார் தொடங்கியதை மறு சாரார் ஏற்று முடிப்பர். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் குரல் அப்பாசுரத்தைத் தாங்குகின்றது. ஒருவர் வாராவிடின் அவர் நிற்கும் இடம் வெறுமையாகத் தெரியும்; "இன்று ஸ்வாமி ஏன் வரவில்லை?" என்று கேட்பார் இருப்பர். கூட்டத்திற்கும் கோஷ்டிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கூட்டத்தில் ஒருவர் குறைந்தால் நெருக்கம் குறையும். கோஷ்டியில் ஒருவர் குறைந்தால் கோஷ்டியே குறையும்.

கைவல்யமும் கைங்கர்யமும்

தனித்து இன்புறுதலைப் பற்றி நம் ஸம்ப்ரதாயம் கொண்டுள்ள கருத்து ஈண்டு நினைத்தற்குரியது. கைவல்யம் என்பது ஆன்மா தன்னைத் தானே அநுபவித்துக்கொண்டு தனித்திருக்கும் நிலை. அச்சொல்லே "கேவலம்", அதாவது தனித்தது, என்பதன் அடியாகப் பிறந்தது. அதில் பிறவித் துன்பம் இல்லை. உலகியற் கவலையும் இல்லை. எனினும், பகவதநுபவத்தையும் கைங்கர்யத்தையும் நோக்க அது மிகத் தாழ்ந்த பேறு என்றே நம் ஆசாரியர்கள் கருதினர். துன்பம் நீங்குதல் மட்டும் பேறாகாது. எம்பெருமானுக்கும் அடியார்க்கும் ஆட்பட்டு அவர்களோடு கூடியிருத்தலே பேறு என்பது அவர்கள் காட்டிய நெறி. பரமபதமும் அவர்கள் உரைப்படி ஒருவர் தனியே சென்று அமரும் இடமன்று. நித்யஸூரிகளும் முக்தர்களும் நிறைந்த திருவோலக்கம் அது.

நம்மாழ்வாரும் எம்பெருமானுக்கு ஆட்படுதலோடு அமையாது, அடியார்க்கு ஆட்படுதலின் பெருமையைக் கூறத் திருவாய்மொழியில் தனிப் பதிகங்களையே அருளினார். சூடிக் கொடுத்த நாச்சியாரின் திருப்பாவையை எடுத்துக்கொள்வோம். முப்பது பாசுரங்களுள் ஆறாவது முதல் பதினைந்தாவது முடியவுள்ள பத்துப் பாசுரங்கள் தோழியரைத் துயிலெழுப்புவதற்கே அமைந்தவை. கண்ணனிடம் செல்ல வழியறிந்த ஆண்டாளுக்குத் தனியே செல்லுதல் அரிதோ? நூலின் மூன்றில் ஒரு பங்கைப் பிறர் வாசலில் நின்று அழைப்பதற்குச் செலவிட்டாள் அன்றோ! ஒருத்தி ஆழ்ந்து உறங்குகின்றாள். ஒருத்தி விடை தாராதிருக்கின்றாள். ஒருத்தி உள்ளிருந்தே வாதாடுகின்றாள். எவரையும் விட்டுச் செல்ல அவளுக்கு மனமில்லை. ஊர்ப்பணிக்கு ஒருவரும் வருவதில்லை என்று குறைப்படுவோர் இதனைக் கருத வேண்டும். வாராதோரிற் பலர் விருப்பமின்மையால் வாராதவர் அல்லர். தம் வாசலில் வந்து அழைப்பார் இன்மையால் வாராதவர்.

ஓர் ஐயம்

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஒருவர் தம் தனிமை நீங்க வேண்டும் என்று கருதித் தொண்டில் இறங்குகின்றார் என்க. பணி ஓய்வு பெற்றபின் பொழுது போகாமையால் பிரசாத விநியோகத்திற்கு வருகின்றார். மனைவியை இழந்த வெறுமை தாங்காமல் தண்ணீர்ப் பந்தலில் வந்து நிற்கின்றார். புதிதாகக் குடியேறிய ஊரில் நாலு பேர் அறிமுகம் வேண்டி நந்தவனப் பணியில் சேருகின்றார். இது தொண்டாகுமா? தம் நோய்க்கு மருந்து தேடுதலைத் தொண்டு என்று கூறுதல் தகுமா?

இவ்வையம் எளிதில் தள்ளத் தக்கதன்று. த்வய மஹாமந்திரத்தின் பிற்பகுதியில் உள்ள "நம:" என்னும் பதத்திற்குப் பொருள் கூறும் ஆசாரியர்கள், கைங்கர்யத்திலும் களை முளைக்கும் என்று எச்சரித்துள்ளனர். "இது என் இன்பத்திற்காக" என்னும் எண்ணமே அக்களை. எம்பெருமானுடைய திருவுள்ள உகப்பே கைங்கர்யத்தின் பயன். செய்கின்றவனுக்கு வரும் இன்பமும் அவன் உகப்பைக் கண்டு வருவதாகவே இருத்தல் வேண்டும். இவ்வளவு நுட்பமாக நெஞ்சைச் சோதிக்கும் நெறியில், தன் தனிமைக்கு மருந்தாகத் தொண்டை நாடுவது எங்ஙனம் பொருந்தும்?

விடையைக் கீதையிலேயே காணலாம். ஏழாவது அத்தியாயத்தில் கண்ணபிரான் தன்னை அடைவோரை நால்வகையாகப் பகுக்கின்றான். துன்பம் தீர வேண்டி வருபவன், அறிய வேண்டி வருபவன், பொருள் வேண்டி வருபவன், ஞானி என்போர் அந்நால்வர். ஞானியே தனக்கு மிக இனியவன் என்று கூறிய அப்பெருமான், ஏனைய மூவரையும் தள்ளிவிடவில்லை. அனைவரும் உதாரர், அதாவது வள்ளல்கள், என்றே பாராட்டுகின்றான். கேட்டுப் பெற வந்தவனை வள்ளல் என்பது எவ்வாறு? எம்பெருமானார் தம் கீதாபாஷ்யத்தில் இதற்கு வியக்கத்தக்க விளக்கம் அருளினார். கொடுப்பதையே இயல்பாகக் கொண்டவனிடம் ஏதேனும் ஒன்றைப் பெற்றுக்கொள்ள வருபவன், அவனுக்கே பேருதவி செய்தவனாகின்றான் என்பது அவ்விளக்கத்தின் சாரம். கொள்வார் இல்லையேல் கொடைக்கு இடமேது?

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, துன்பம் உந்த வந்தவன் ஆயினும் அவனுக்கு வாசல் திறந்தே இருக்கின்றது. எக்காரணத்தால் ஒருவன் உள்ளே நுழைந்தான் என்பதைவிட, நுழைந்தபின் அவன் என்னவாக ஆகின்றான் என்பதே கருதத் தக்கது. தனிமை தீர வந்தவர் முதல் நாள் தம் துயரையே எண்ணிக்கொண்டு தண்ணீர்க் குவளையை நீட்டலாம். வெயிலில் நடந்து வந்த சிறுமி அதனை வாங்கிப் பருகி மீண்டும் ஒரு குவளை கேட்கும்போது, அவர் தம்மை மறந்து பானையின் பக்கம் திரும்புகின்றார். அந்தக் கணத்தில் களை பறிக்கப்பட்டது. "எனக்கு யார் இருக்கின்றார்?" என்னும் வினாவோடு வந்தவர், "நான் யாருக்கு?" என்னும் வினாவுக்கு மாறிவிட்டார். இம்மாற்றமே சேஷத்வ ஞானத்தின் முதற்படியாகும். ஆன்மா தனக்கென்று இருக்கும் பொருளன்று என்னும் தத்துவத்தை நூலிற் கற்றார் பலர். குவளையேந்திய கையால் கற்றவர் அதனை மறப்பதில்லை.

இரண்டாவது உண்மை இன்னும் ஆழமானது. பெறுகின்றவரும் கொடுப்பவரே. முதியவர் ஒருவர் வீட்டிற்குப் பிரசாதம் கொண்டு செல்பவர், தாமே கொடுத்ததாகவும் அவர் பெற்றதாகவும் கருதுதல் பாதி உண்மையே. அவர் கதவைத் திறந்து, "வா அப்பா, உட்கார்" என்று கூறியதனால் அன்றோ சென்றவருக்குச் செய்யத்தக்க பணி ஒன்று வாய்த்தது! ஆகவே தொண்டில் மேற்கை, கீழ்க்கை என்னும் பாகுபாடு நில்லாது.

அனந்தாழ்வானின் கடப்பாரை

தொண்டினால் துணை வளரும் என்பது உண்மையே எனினும், தொண்டே ஒருவரைத் தனிமைப்படுத்துதலும் உண்டு. இதனை அனந்தாழ்வான் வைபவம் இனிது விளக்கும்.

திருமலையில் திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்வார் யார் என்று எம்பெருமானார் வினவியபோது, காட்டையும் குளிரையும் பொருட்படுத்தாது முன்வந்த மஹான் அனந்தாழ்வான். அவர் நந்தவனம் அமைத்து, அதற்கு நீர் வேண்டி ஏரி ஒன்றையும் தம் கையாலேயே வெட்டத் தொடங்கினார். அவர் வெட்ட, கருவுற்றிருந்த அவர் தேவிகள் மண்ணைச் சுமந்து சென்று கொட்டினார். அம்மாதரசியின் களைப்பைக் கண்ட சிறுவன் ஒருவன் தானும் சுமப்பதாக முன்வந்தான். அனந்தாழ்வான் இசையவில்லை, ஆசாரியன் நியமித்த கைங்கர்யத்தில் பிறர் பங்கு கொள்ளுதல் ஆகாது என்பது அவர் எண்ணம். சிறுவனோ மறைவாக நின்று அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமந்தான். அதனை அறிந்த அனந்தாழ்வான் சினந்து எறிந்த கடப்பாரை அவன் மோவாயிற் பட்டது. சிறுவன் ஓடி மறைந்தான். பின்னர்த் திருவேங்கடமுடையான் திருமோவாயில் குருதி கண்டு அனைவரும் நடுங்கினர். அக்காயத்திற்கு இட்ட பச்சைக் கற்பூரமே இன்றும் எம்பெருமான் திருமோவாயில் விளங்குவது. அக்கடப்பாரையும் திருமலைக் கோயிலின் மஹாத்வாரத்தில் மேலே மாட்டப்பட்டிருப்பதை யாத்திரிகர்கள் காணலாம்.

இவ்வைபவத்தை அனந்தாழ்வானின் ஆசாரிய பக்திக்குச் சான்றாகப் பெரியோர் கூறுவர். அது முற்றிலும் பொருத்தமே. எனினும் அக்கடப்பாரை கோயில் வாசலிலேயே மாட்டப்பட்டிருப்பதில் அடியார் யாவர்க்கும் ஒரு நினைவூட்டல் உண்டு எனக் கொள்ளுதல் தவறாகாது. கைங்கர்யத்தில் பங்கு கேட்டு வந்தவன் எம்பெருமானே என்பதுதான் அது. அவ்வளவு தூய நெஞ்சினரான அனந்தாழ்வானிடமே "இது என்னுடைய கைங்கர்யம்" என்னும் உரிமை எண்ணம் கடுமையாக வெளிப்படும் எனின், ஏனையோரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. "இருபது ஆண்டுகளாக நான்தான் பரிமாறி வருகின்றேன்" என்று கரண்டியைக் கைவிடாதவர், சந்தனம் அரைக்க வந்த இளைஞனை "உனக்குத் தெரியாது, தள்ளி நில்" என்று விலக்குபவர், கணக்கை ஒருவருக்கும் காட்டாதவர் ஆகிய இவர்கள் உழைப்பில் குறைந்தவர் அல்லர். ஆயினும் அவர்களைச் சுற்றிக் கோஷ்டி வளர்வதில்லை. முதுமை வந்து கை தளரும்போது, பணியும் நின்றுபோகும். பழக்கமின்மையால் பக்கத்திலும் ஒருவரும் இரார். தன் பணியைப் பகிர்ந்தளிக்க அறியாதவர் இறுதியில் தனிமையையே ஈட்டுகின்றார்.

இதற்கு மாறாக, கைங்கர்யத்தைப் பலருக்கும் உரியதாக ஆக்குவதே எம்பெருமானார் காட்டிய வழி. ஸ்ரீரங்கத்தில் அவர் கோயிற் பணிகளைப் பத்துக்கொத்தாக வகுத்தருளிய செய்தியைக் கோயிலொழுகு கூறுகின்றது. பணி பலவாகப் பகுக்கப்படும்போது ஒவ்வொருவருக்கும் நிற்க ஓர் இடம் கிடைக்கின்றது. எம்பெருமான் எழுந்தருளும் பல்லக்குக்குத் தோளுக்கினியான் என்று திருநாமம். எத்துணை வலியவராயினும் ஒருவர் தோள் மட்டும் அதனைத் தாங்குதல் இயலாது. பக்கத்துத் தோள் உண்டு என்னும் உறுதியே ஒவ்வொரு ஸ்ரீபாதம்தாங்கிக்கும் சுமையை இனிதாக்குகின்றது.

இடைகழியில் இடம்

துணை வேண்டுவோர் அதற்குரிய விலையையும் தர வேண்டும். திருக்கோவலூர் இடைகழியில் முதலாழ்வார்கள் சந்தித்த வரலாறு யாவரும் அறிந்ததே. மழையும் இருளும் மிக்க இரவில் பொய்கையாழ்வார் அங்கே படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் வேண்ட, படுத்திருந்தவர் எழுந்து இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வாரும் வந்து சேர, அமர்ந்திருந்தோர் எழுந்து மூவரும் நின்றனர். அப்போதுதான் நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். அந்நெருக்கத்தில் பிறந்தவையே முதல் மூன்று திருவந்தாதிகள்.

இங்கே நினைத்தற்குரியது ஒன்று. புதியவர் ஒருவர் வருந்தோறும் முன்னிருந்தவரின் வசதி குறைந்தது. நீட்டிப் படுத்தவர் அமர நேர்ந்தது. அமர்ந்தவர் நிற்க நேர்ந்தது. "இடமில்லை" என்று முதல்வர் கூறியிருப்பின், இரவு முழுதும் சுகமாக உறங்கியிருப்பார். எம்பெருமான் வந்து நெருக்கியிருக்க மாட்டான். பக்கத்தில் ஒருவர் இருத்தல் என்பது எப்போதும் சிறிது நெருக்கடியே. பேசிய கதையையே மீண்டும் பேசும் முதியவர், எதையும் குறை கூறும் உடன்பணியாளர், வேலை அறியாது தடுமாறும் புதியவர் ஆகியோரைப் பொறுத்துக்கொள்ளும் மனம் இல்லாதவர்க்குக் கோஷ்டி வாய்ப்பதில்லை.

வெளியே நிறுத்தப்பட்டோரை நினையாமலும் இப்பொருள் நிறைவுறாது. காவிரிக் கரையில் நின்று, திருவரங்கத்துள் புகாது, யாழிசைத்துப் பாடியிருந்தார் திருப்பாணாழ்வார். அவர் தனிமை அவர் தேடிக்கொண்டதன்று. பிறப்பைக் காரணங்காட்டி உலகத்தார் விதித்தது. வழிவிடாது பாட்டில் ஆழ்ந்திருந்த அவர்மீது லோகஸாரங்கர் கல்லெறிய, அதைப் பொறாத அரங்கன் அவரைத் தோளில் சுமந்து வருமாறு அம்முனிவர்க்கே ஆணையிட்டான். எறிந்த கையினரே சுமக்கும் தோளினர் ஆனார். முனிவாஹனர் என்னும் திருநாமம் அதனால் வந்தது. மன்னிப்பு மொழி மட்டும் போதும் என்று அரங்கன் விடவில்லை. சுமந்து உள்ளே கொணர்தலே பரிகாரம் என்று விதித்தான். தனித்திருப்போரைக் கண்டு இரங்கும் ஊரார், அவருட் சிலரைத் தனிமையில் நிறுத்தியவர் தாமே அன்றோ என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குலம், செல்வம், கைம்மை, உடற்குறை, மொழி ஆகிய எதன் பேராலேனும் ஒருவரை விலக்கிவைத்துவிட்டு நடத்தும் தொண்டர் குழு, எத்துணைச் சிறப்பாக அன்னமிட்டாலும் அரங்கன் திருவுள்ளத்திற்கு உகந்ததாகாது.

பதினோராம் நாள்

திருவிழா பத்து நாட்களில் நிறைவுறுகின்றது. அந்நாட்களில் ஊரில் தனிமை குறைவு; உறவினர் வருகின்றனர், வீதியில் ஒலி இருக்கின்றது. விடையாற்றியும் முடிந்து பந்தல் பிரிக்கப்படும் பதினோராம் நாளில்தான் வெறுமை மீண்டும் வந்து அமருகின்றது. ஆகவே உத்ஸவத்திற்காகக் கூடிய தொண்டர் குழு அந்நாளில் கலையாதிருத்தலே தலையாய பணி.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஏகாதசிதோறும் ஒரு வீட்டில் கூடித் திவ்யப் பிரபந்தம் ஸேவிக்கலாம். அந்த வீடு, கோயிலுக்கு வர இயலாத ஒருவருடையதாக இருக்கலாம். கண்பார்வை மங்கியவர்க்கு வாரம் ஒருமுறை கடிதமும் நூலும் படித்துக் காட்டலாம். மருத்துவமனைக்குத் தனியே செல்ல அஞ்சுபவருடன் சென்று வரலாம். சனிக்கிழமைப் பிரசாதத்தை இன்னின்ன வீடுகளுக்கு இன்னார் கொண்டு செல்வது என்று முறை வகுத்துக்கொள்ளலாம். இவற்றுள் எதுவாயினும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், தவறாது நிகழ்தல் வேண்டும். திருவாராதனம் காலந்தவறாது நடப்பதுபோல் இதுவும் நடத்தல் வேண்டும். தனித்திருப்பவர்க்கு வருகின்றவரைவிட, வருவார் என்னும் எதிர்பார்ப்பே பெருந்துணை. ஒரு முறை சென்று படம் எடுத்துக்கொண்டு திரும்புதல், சாத்திய கதவை மேலும் இறுகச் சாத்துவதே ஆகும்.

இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. செல்பவர் கொடுக்க மட்டும் செல்லலாகாது. கேட்கவும் செல்ல வேண்டும். துளசி மாலை கட்டுவதில் கைதேர்ந்த மூதாட்டியிடம், "அம்மா, வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாலை கட்டித் தர வேண்டும்" என்று கேட்பது, அவருக்கு ஒரு வேளை அன்னம் கொண்டு செல்வதினும் பெரிய உபகாரம். ஓய்வு பெற்ற கணக்காசிரியரிடம் உத்ஸவக் கணக்கைச் சரிபார்த்துத் தரக் கேட்கலாம். பழம் பண்ணறிந்தவரிடம் சிறுவர்க்குப் பாசுரம் கற்பிக்கக் கேட்கலாம். உணவும் உடையும் குறைவின்றி இருந்தும், ஒருவரும் தம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை என்பதே பலருடைய உள்நோய். கவனிக்கப்படுதல் ஓரளவே அதனைத் தணிக்கும், வேண்டப்படுதலே தீர்க்கும்.

இது வெறுங்கற்பனையன்று என்பதற்குத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் வாழ்வே சான்று. 18ஆம் நூற்றாண்டினரான அவர் இளமையிலேயே கைம்மையுற்றவர். உறவினரும் ஊராரும் தூற்றக் கேட்டவர். திருமலையைச் சார்ந்து பாடலும் பணியுமாக வாழ்ந்த அவர், யாத்திரிகர்களுக்கு அன்னமும் நீரும் அளிக்கும் அறத்தை நடத்தினார். தமக்கென ஒரு குடும்பம் இல்லாதவர், மலையேறி வந்தோர் அனைவருக்கும் அன்னையானார். 1985ஆம் ஆண்டில் திருமலையில் தொடங்கப்பெற்ற நித்ய அன்னதானத் திட்டத்திற்கென எழுப்பப்பட்ட பெருமண்டபம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2000ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் ஸ்ரீவாரி ஸேவையில், பல மாநிலங்களிலிருந்தும் தன்னார்வத் தொண்டர்கள் குழுக்குழுவாக வந்து, சில நாட்கள் தங்கி, அங்கே பரிமாறுகின்றனர். வரிசையில் நிற்போர்க்கு உதவுகின்றனர். தத்தம் ஊரில் அதிகாரியும் ஆசிரியரும் உழவரும் வணிகருமாக இருப்போர், அங்கே ஒரே பந்தியில் இலை போடுகின்றனர். மலையில் சில நாட்கள் கூடுவது, தத்தம் ஊரில் ஆண்டு முழுதும் கூடாதோ?

தொண்டு எல்லாத் துயரையும் தீர்க்கும் என்று கூறுதல் மிகையாகும். பிள்ளையை இழந்த தாயின் துயரைக் கோஷ்டி நீக்காது. அவள் அருகே அமர்ந்திருக்கத்தான் அதனால் இயலும். மனநோயுற்றவர்க்கு மருத்துவரின் உதவியும் வேண்டும். தொண்டிற்கு வர மனமில்லாதவரை வற்புறுத்துதலும் தகாது. அவர் கதவை அவ்வப்போது தட்டிக்கொண்டிருத்தலே போதும். இவ்வெல்லைகளை அறிந்து செய்யும் தொண்டே நிலைக்கும்.

ஆகவே முற்கூறிய ஐயத்திற்கு விடை இதுவாகின்றது. தன் தனிமை தீரத் தொண்டுக்கு வருபவரை ஐயுற வேண்டுவதில்லை. வரவேற்று ஒரு பணியைக் கையில் கொடுக்க வேண்டும். பணி அவரை மாற்றிக்கொள்ளும். ஐயுறத்தக்கது, வந்தவர்க்கு இடங்கொடாத தொண்டே. திருவிழா கண்டு ஊர் திரும்பும் அன்பர்கள், எம்பெருமான் எழுந்தருளிய வீதியையும், அவன் நின்ற வாசல்களையும் நெஞ்சிற் கொண்டு செல்வார்களாக. தம் ஊரில் சாத்தியிருக்கும் ஒரு கதவையேனும் தட்டி, உள்ளிருப்பவரிடம் ஒரு பணியைக் கேட்டுப் பெறுவார்களாக. இடைகழியில் மூவர் நிற்க நெருக்கி வந்த அப்பெருமான், அடியார் கூடுமிடமெங்கும் தானும் வந்து நிற்பான். அவன் திருவருளால் ஊர்தோறும் அடியார் குழாங்கள் தழைத்து ஓங்குக!